குஞ்சத்தில் நான்கு எழுத்து

அந்த மாலையை வரைந்தது யார் என்றுதானே கேட்டீர்கள்? நான்தான். ஆவுடையப்பன். வெளியே போர்டில் இருக்கிற அதே பேர். இதைக் கேட்பதற்கு ஒரு ஆள் வர இத்தனை நாள் ஆகியிருக்கிறது. உட்காருங்கள்.

டிசைனர் சங்கத்தில் இருந்துதானே வருகிறீர்கள்? மூன்று முறை எழுதிக் கொடுத்தேன் அவர்களுக்கு. என் படத்தைத் திருடுகிறார்கள், வந்து விசாரியுங்கள் என்று. தலையை ஆட்டுகிறீர்கள். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. போகட்டும். வண்டியில் இருக்கிற இரண்டு பேரையும் உள்ளே வரச் சொல்லுங்கள், வெயில். வேண்டாமா. டீ? அதுவும் வேண்டாமா. நல்லது, எனக்கும் நேரம் மிச்சம்.

நான் சுருக்கமாகச் சொல்கிறவன். நடுவில் கேட்காதீர்கள்.

கோவில்பட்டியில் இந்தத் தெருவில் மட்டும் ஆறு ஃபிளெக்ஸ் கடை. ஆறு கடையிலும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு கோடு நேராக இழுக்கத் தெரியாது. பூ வேண்டுமென்றால் நெட்டில் எடுப்பான். விளக்கு வேண்டுமென்றால் அடுத்தவன் டிசைனில் இருந்து வெட்டுவான். நான் அப்படி இல்லை. ஐம்பத்தோரு வயதில் கம்ப்யூட்டர் படித்தேன். பேனா வைத்து வரைகிற பலகை இருக்கிறதே, அதை வாங்கி, கை வலிக்க வலிக்கப் பழகினேன். என் பூ என் கையில் இருந்து வரும்.

தென்மாவட்ட டிசைனர்கள் என்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. இருநூற்று நாற்பது பேர். அதில் ஒருத்தருக்கொருத்தர் டெம்ப்ளேட் கொடுத்துக்கொள்வோம். டெம்ப்ளேட் என்றால் என்ன என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள், தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் ஒன்றுமில்லை. செத்தவர் படத்தை வைக்க நடுவில் இடம் விட்டு, சுற்றி மாலை, கீழே விளக்கு, மேலே கண்ணீர் அஞ்சலி என்று நான் போட்டு வைத்திருப்பேன். கடைக்காரன் படத்தையும் பேரையும் தேதியையும் மாற்றிக்கொண்டால் போதும். சாவு வீட்டுக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள் இல்லையா, அதற்காக.

அந்த மாலைதான் விஷயம்.

நாற்பது நாள் வரைந்தேன். ரோஜா, சம்பங்கி, நடுவில் மரிக்கொழுந்து. ஆயிரத்து முந்நூறு இதழுக்கு மேல் இருக்கும். ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. கீழே நெஞ்சுக்கு நேராக ஒரு குஞ்சம் தொங்கும். குஞ்சத்தில் மட்டும் அறுபது இதழ். அதை முடித்த அன்றைக்கு என் வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, இது என்ன சாவு மாலையை இப்படி ஆசையாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்றாள். அவளுக்கு அதெல்லாம் புரியாது.

குழுவில் போட்டேன். சும்மாதான் கொடுத்தேன். விதி இரண்டே இரண்டு. ஒன்று, ஏ4 தாள் அளவுக்கு மேல் போகக்கூடாது. துண்டறிக்கைக்கும் வீட்டில் மாட்டுகிற படத்துக்கும் மட்டும். இரண்டு, மாலையைத் தனியாகப் பிரித்தெடுத்து வேறு எதிலும் ஒட்டக்கூடாது. டெம்ப்ளேட் உங்களுக்கு, மாலை எனக்கு. இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது?

ஒரு மாதம் ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், எதிரே கல்யாண பேனர். பெண் மாப்பிள்ளை கழுத்தில் என் மாலை. அடுத்த வாரம் மாட்டுத் தரகர் ஒருத்தர் தன் காளைக்குப் பிறந்தநாள் பேனர் வைத்தார். காளை கழுத்தில் என் மாலை. கட்சிக்காரன் கழுத்தில் என் மாலை. விளாத்திகுளம் ரோட்டில் காதுகுத்துப் பேனர், ஒரு வயதுப் பிள்ளை, மொட்டைத் தலை, அது கழுத்திலும் என் மாலை. செத்தவருக்கென்று வரைந்த மாலை. பிள்ளையின் அப்பனுக்கு யார் சொல்வது? நான் சொல்லப் போகவில்லை. அது என் வேலை இல்லை. என்னைக் கேட்காமல் எடுத்தான் என்பதுதான் என் வழக்கு.

குழுவில் எழுதினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள் நாற்பது பேர். காலை வணக்கம் என்று ஒருத்தன் ரோஜாப்பூ அனுப்பினான். அதுவும் என் ரோஜா.

சரி, மாலைக்கு மேலே குறுக்காக என் பேரை மங்கலாகப் போட்டுக் கொடுத்தேன். பேரை அழித்துவிட்டு எடுத்தார்கள். பூட்டிக் கொடுத்தேன், ஒரு நிமிடத்தில் திறந்தார்கள். தெளிவைக் குறைத்து, எல்லாவற்றையும் ஒட்டி ஒரே படமாகக் கொடுத்தேன். அப்போது பேரை மாற்ற முடியவில்லை என்று என்னையே திட்டினார்கள். கழுகுமலை ரோட்டில் கடை வைத்திருக்கிற ஞானராஜ், அவன்தான் குழுவில் எல்லோர் முன்னாலும் பேசினான். "அண்ணாச்சி, சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டு இலையப் போட்டுட்டு, கையப் பின்னால கெட்டுதீரே, இது என்ன விருந்து" என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்றைக்குத்தான் தோன்றியது.

கேளுங்கள், இதுதான் முக்கியம். நான் வரைவது கோடு. போட்டோ இல்லை. போட்டோவைப் பெரிசாக்கினால் உடைந்து போகும், கோட்டை எத்தனை பெரிசாக்கினாலும் உடையாது. ஏ4 தாளில் இருப்பதை மலை அளவுக்கு ஆக்கினாலும் கத்தி மாதிரி நிற்கும். அதனால்தானே திருடுகிறார்கள். அதையே வைத்துப் பிடிக்கலாம் என்று பட்டது.

குஞ்சத்தில் வெள்ளைச் சம்பங்கி இதழ் நான்கை எடுத்தேன். இதழுக்கு நரம்பு வரைவோம் இல்லையா, வெளிர் சாம்பலில்? அந்த நரம்பையே எழுத்தாக்கினேன். இதழுக்கு ஒரு எழுத்து. தி. ரு. ட. ன். சீரகம் அளவுதான் ஒவ்வொன்றும். ஏ4 தாளில் பார்த்தால் நரம்பு. யார் பார்த்தாலும் நரம்பு. இருபது அடிக்குப் பெரிசாக்கினால் ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அளவு.

பாருங்கள் இதில் இருக்கிற நியாயத்தை. அளவுக்குள் இருக்கிறவனுக்கு ஒன்றும் இல்லை. மீறினவனுக்கு மட்டும்தான். ஒருத்தனையும் நான் கை நீட்டிச் சொல்லவில்லை. அவனே போய் மாட்டிக்கொள்வான். போலீசும் வேண்டாம், சங்கமும் வேண்டாம்.

தை மாதம் குழுவில் போட்டேன். புதிய அஞ்சலி மாலை, தரம் கூட்டியது என்று. ஒரே நாளில் அறுபத்து மூன்று பேர் இறக்கிக்கொண்டார்கள். என் வாடிக்கையாளருக்கு மட்டும் பழையதை வைத்துக்கொண்டேன், எழுத்து இல்லாததை.

பிறகு காத்திருந்தேன். பஸ்ஸில் போனால் ஜன்னல் சீட்டுதான். பேனர் பார்த்துக்கொண்டே போவேன். வீட்டுக்காரி வைதாள், எந்தச் சாவு எங்கே விழுகிறது என்று பார்க்கிறவன் மாதிரி இருக்கிறது உங்கள் பார்வை என்று. ஏழு மாதம். ஒருத்தனும் பெரிசாக்கவில்லை. எனக்கே சந்தேகம் வந்தது, எல்லோரும் திருந்திவிட்டார்களோ என்று.

ஆவணி மாதம், ஒரு முகூர்த்தத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஊத்தடிப்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கு. நெட்டுக்குத்தாக நிற்கிறது பேனர். பார்த்ததுமே தெரிந்தது என் மாலை. பெற்றவனுக்குப் பிள்ளையைத் தெரியாதா? கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னேன், அடுத்த நிறுத்தத்தில்தான் இறக்கிவிட்டான். வெயிலில் முக்கால் மைல் திரும்ப நடந்தேன். முகூர்த்தம் போனால் போகட்டும் என்று நடந்தேன்.

என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி ஆகிறது? விசிறியை உங்கள் பக்கம் திருப்பட்டுமா?

சரி.

இருபது அடி உயரம். நடுவில் யாரோ ஒரு பையன் படம். முதலாம் ஆண்டு நினைவு நாள் என்று போட்டிருந்தது. கீழே ஒரு வரி, நீ எடுக்கவில்லை என்பது எங்களுக்குத் தெரியும் என்று. கல்யாணப் பத்திரிகைக்குப் போடுகிற எழுத்தில் அதைப் போட்டிருந்தான் மடையன், வளைவும் சுழியுமாக. நினைவஞ்சலிக்கு அந்த எழுத்தை எவனாவது போடுவானா? ஓரத்தில் ஞானராஜ் கடை பேரும் நம்பரும். விருந்தைப் பற்றிப் பேசினானே, அதே ஞானராஜ். மாலை மட்டும் பதினெட்டு அடி இருந்தது. குஞ்சம் சரியாக அந்தப் பையன் நெஞ்சு மேல் வந்து விழுந்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். நான்கு இதழ், நான்கு எழுத்து. ஒரு கோடு உடையவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

எதிரே டீக்கடையில் நாலைந்து பேர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்களும் எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எனக்கு மகிழ்ச்சிதான். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாது.

பேனருக்குக் கீழே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தட்டில் பழம், பத்தி, எல்லாம் வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்து எழுந்து வந்தார்கள். "ஐயா, படிச்சவுக மாதிரி இருக்கீக. காலையிலேருந்து எல்லாரும் நின்னு நின்னு அந்தப் பூவையே பாத்துட்டுப் போறாக. கேட்டா சொல்ல மாட்டேங்காக. அங்க என்ன எழுதியிருக்கு?"

கேட்டார்கள், படித்துச் சொன்னேன். இருப்பதைப் படிக்கச் சொன்னால் இருப்பதைத்தான் படிக்க வேண்டும். கையை நீட்டி இதழ் இதழாகக் காட்டினேன். தி. ரு. ட. ன். சேர்த்தும் சொன்னேன்.

அந்த அம்மா கண்ணை இடுக்கிப் பேனரை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு, "அச்சுலயா போட்டிருக்கு?" என்றார்கள்.

அச்சில்தான் என்றேன்.

"அப்பப் பாத்துத்தான் போட்டிருப்பாக."

பார்த்துத்தான் போட்டது, ஒவ்வொரு எழுத்தும் பார்த்துப் பார்த்துப் போட்டது என்றேன். உண்மைதானே? போட்டவன் நான், எனக்குத் தெரியாதா. இன்னும் விளக்கமாகச் சொல்லியிருப்பேன், அவர்கள் தட்டைக்கூட எடுக்காமல் போய்விட்டார்கள். காது சரியாகக் கேட்கவில்லையோ என்னவோ.

படம் எடுத்தேன். முழுசாக எடுத்தேன், தலை முதல் கால் வரை. வெட்டி எடுத்தால் நாளைக்கு ஜோடித்தது என்பான். குஞ்சத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டேன். மேலே எழுதினேன், திருடன் பிடிபட்டான் என்று. அங்கேயே நின்று குழுவில் போட்டேன்.

ஆமாம். முதலில் போட்டது நான்தான். அதைத்தான் கேட்க வந்தீர்களா? அதில் எனக்கு ஒளிவு மறைவு இல்லை. என் பேரையும் ஊரையும் போட்டுத்தான் அனுப்பினேன். ஆனால் அடுத்தவன் அனுப்பும்போது என் பேரை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கிறான். படத்தையும் தலைப்பையும் மட்டும் வைத்துக்கொண்டான். பாருங்கள், அதிலும் திருட்டு. சாயங்காலத்துக்குள் எல்லா ஊர்க் குழுவிலும் சுற்றியது. துபாயில் இருக்கிற என் மருமகனுக்கே வந்து சேர்ந்தது, யாரோ அனுப்பி. மாமா இது உங்கள் மாலை மாதிரி இருக்கிறதே என்று கேட்டான். அவன் ஒருத்தன்தான் கேட்டான்.

மறுநாள் ஞானராஜ் போன் பண்ணினான். அழுகிற குரல். "அண்ணாச்சி, என்னத்த அண்ணாச்சி அதுக்குள்ள வச்சீரு. வந்து கடைய நொறுக்கிட்டானுவ. யாரு எழுதச் சொன்னான்னு கேக்கானுவ. எனக்குத் தெரியாதுன்னா நம்ப மாட்டேங்கானுவ." நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். மாலையைப் பிரித்தெடுத்தாயா இல்லையா? அவன் பேச்சை மாற்றினான். "படத்துல இருக்கறது யாருன்னு தெரியுமா உமக்கு" என்றான். அது எதற்கு எனக்கு? வைத்துவிட்டேன்.

இடது கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறானாம். கடையைப் பூட்டிவிட்டு மாமனார் ஊருக்குப் போய்விட்டானாம். நான் அவன் மேல் ஒரு விரல் வைக்கவில்லை.

இவ்வளவுதான். எழுதிக்கொண்டீர்களா? நோட்டு ஒன்றும் காணோமே. அது என்ன, பையில்?

அந்தப் பேனர்த் துண்டுதான் என்று நினைத்தேன். விரியுங்கள். இந்தப் பக்கம், மேஜை மேல்.

மெஜந்தா மை கூடிவிட்டது. பாருங்கள், ரோஜா கறுத்துவிட்டது. மெஷினைத் துடைக்காமல் அடித்திருக்கிறான். ஆனால் கோடு நிற்கிறது. ஏன் தம்பி, இதை இப்படியா வெட்டுவது? கத்தரி இல்லையா ஊரில்? அரிவாளால் இழுத்த மாதிரி இருக்கிறது. குறுக்கே எத்தனை இதழ் போய்விட்டது பாருங்கள். ஆத்திரத்தில் வெட்டினது. குஞ்சம் மட்டும் தப்பித்திருக்கிறது.

என்ன சொன்னீர்கள்?

அந்த அம்மா உங்கள் அம்மாவா?

அப்போது நீங்கள் சங்கம் இல்லை.

முதலிலேயே சொல்லியிருக்கலாம். இத்தனை நேரம் பேசவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். சரி. பேசுங்கள். கேட்கிறேன். பேர் என்ன? அய்யாத்துரை. செத்தது உங்கள் தம்பி. பூல்பாண்டி. ம்.

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று பாருங்கள். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் காணாமல் போயிருக்கிறது. உங்கள் தம்பிதான் எடுத்தான் என்று கட்டிவைத்து அடித்திருக்கிறார்கள். மின்கம்பத்தில். திருடன் என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். அவிழ்த்துவிட்டதும் நேராகப் போய் அதே தோட்டத்துக் கிணற்றில் விழுந்திருக்கிறான். நாலு மாதம் கழித்து மோட்டார் கிடைத்திருக்கிறது, தோட்டக்காரருடைய அண்ணன் மகன் கொட்டகையில். அவர்கள் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் வருஷ நாளுக்கு நீங்கள் அந்தப் பேனர். ஊர் முழுக்கப் பார்க்கட்டும் என்று இருபது அடி. சரிதானே?

ம்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட இடத்திலா குஞ்சம் விழுந்தது?

அது தற்செயல் தம்பி. படத்தை எங்கே வைக்கிறான் என்பது கடைக்காரன் கையில். ஞானராஜ் கொஞ்சம் மேலே தூக்கி வைத்திருந்தால் வயிற்றுக்கு நேராக வந்திருக்கும்.

முறைக்காதீர்கள். கேட்டதற்குச் சொல்கிறேன். அந்தச் சொல் உங்கள் தம்பிக்கு எழுதியது இல்லை. உங்கள் தம்பி யார் என்றே எனக்குத் தெரியாது. அன்றைக்கு அரை மணி நேரம் நின்று பார்த்தேன், அவன் முகம்கூட எனக்கு நினைவில் இல்லை. மாலை நினைவில் இருக்கிறது. அது மாலையை எடுத்தவனுக்கு எழுதியது. தை மாதம் எழுதியது. தையில் எழுதினதை ஆவணியில் ஒருத்தன் உங்கள் தம்பி நெஞ்சில் கொண்டுபோய் வைத்தால் நான் என்ன செய்வேன்?

அம்மாவுக்கு என்ன?

சாப்பிடவில்லையா. எத்தனை நாளாக? பதினொரு நாளாகத் தண்ணீர் மட்டும். இந்த வயதில் தாங்காதே. உங்கள் தம்பி படத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். ஊரே சொன்னபோது நம்பாதவர்கள், அடித்தவர்கள் முன்னால் போய் நின்று என் பிள்ளை எடுக்கவில்லை என்று மண்ணை வாரித் தூற்றினவர்கள், இப்போது எடுத்திருப்பான் என்கிறார்கள். அச்சில் போட்டுவிட்டார்கள், பார்த்துத்தான் போட்டார்களாம், போட்டதைப் பார்த்த பெரியவரே சொன்னார் என்கிறார்கள்.

அந்தப் பெரியவர் நான்.

தெரிந்துதான் வந்திருக்கிறீர்கள்.

ஒரு நிமிடம் இருங்கள். தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்பது என்ன, தெளிவாகச் சொல்லுங்கள். நான் உங்கள் ஊருக்கு வர வேண்டும். அம்மா முன்னால் நிற்க வேண்டும். எழுதினவன் நான் என்று சொல்ல வேண்டும். சொல்கிறேன். அதில் எனக்கு என்ன தடை? ஏழு மாதமாக நான் சொல்லக் காத்திருந்ததே அதைத்தான்.

அதற்கு மேல்?

பிழை என்று சொல்ல வேண்டுமா.

அச்சுப் பிழை. கை தவறி விழுந்த எழுத்து. அப்படிச் சொன்னால் அம்மா நம்புவார்கள் என்கிறீர்கள். பேப்பரில் திருத்தம் போடுகிறார்களே, அந்த மாதிரி, அச்சில் போட்டவனே வந்து பிழை என்று சொன்னால் போதும் என்கிறீர்கள். அம்மாவுக்கு அது விளங்குமாம். மற்றக் கதை, டெம்ப்ளேட், ஏ4, திருட்டு மாலை, இதெல்லாம் ஞானராஜ் சொல்லக் கேட்டு நீங்கள் ஏற்கெனவே சொல்லிப் பார்த்துவிட்டீர்கள், தலையில் ஏறவில்லை. ஒரே ஒரு சொல். பிழை.

தம்பி, நாற்பத்திரண்டு வருஷம் எழுத்து எழுதுகிறேன். சுவரில் எழுதினேன், தகரத்தில் எழுதினேன், துணியில் எழுதினேன், இப்போது இதில். என் கையில் பிழை வந்தது கிடையாது. ஒரு கால் கூடினது இல்லை, ஒரு புள்ளி குறைந்தது இல்லை. அந்த நான்கு எழுத்துக்கு ஒன்பது நாள் எடுத்தேன். நரம்பும் எழுத்தும் ஒன்றாகப் போக வேண்டும், சின்னதில் தெரியக்கூடாது, பெரிசில் உடையக்கூடாது. இந்த மாவட்டத்தில் இன்னொருத்தனைச் செய்யச் சொல்லுங்கள் பார்ப்போம். அதைப் போய்க் கை தவறினது என்று நானே சொன்னால், நாளைக்கு மாலையும் கை தவறி வந்தது என்பான் ஞானராஜ். பிறகு அது என்னுடையது என்று நான் எதை வைத்துச் சொல்வேன்? அந்த எழுத்து ஒன்றுதான் எனக்கு அத்தாட்சி.

இல்லை. பிழை என்று சொல்ல மாட்டேன்.

அம்மா உயிர் என்கிறீர்கள். நான் இல்லை என்றா சொன்னேன்? வருகிறேன் என்கிறேனே. இப்போதே வருகிறேன். நானே அம்மாவுக்கு விளக்கிக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன விதம் சரியில்லாமல் இருந்திருக்கும். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன். ஏ4 தாளில் ஒன்று அச்சடித்துக்கொள்கிறேன். இதோ பாருங்கள் அம்மா, சின்னதில் நரம்பு, பெரிசில் எழுத்து என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் யாருக்கும் புரியும். இது பிழை இல்லை, தெரிந்தேதான் போட்டது, திருடினவன் வேறு ஆள் என்று சொல்வேன். முதலில் மாலை என்னுடையது என்று சொல்லிவிட்டுத்தான் மற்றது. ஊர்க்காரர்களையும் கூப்பிடுங்கள். அடித்தவர்களையும் கூப்பிடுங்கள். எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

ஏன், தெரிந்தேதான் என்ற சொல்லில் என்ன வந்தது? அதுதானே உண்மை.

மறுபடியும் அதையே கேட்கிறீர்கள். கடைசியாகக் கேட்கிறேன் என்கிறீர்கள். கடைசியாகக் கேட்டாலும் முதலில் கேட்டாலும் ஒரே பதில்தான், தம்பி. பிழை இல்லை.

இப்போதுதான் உங்கள் முகம் சமாதானமாகிறது. வந்ததில் இருந்து ஒரு மாதிரியாகவே இருந்தீர்கள். மனிதனுக்கு ஒரு முடிவு தெரிந்துவிட்டால் நல்லதுதான்.

அச்சு வந்துவிட்டது. கொஞ்சம் சூடாக இருக்கும், மடிக்காதீர்கள். பாருங்கள், குஞ்சத்தைப் பாருங்கள். ஏதாவது தெரிகிறதா? தெரியாது.

அவர்களையும் உள்ளே கூப்பிட்டுவிட்டீர்களா. வாருங்கள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வருகிறேன். நீங்களே பிடுங்குகிறீர்களா? மெதுவாக. இதில்தான் மாலையின் மூலம் இருக்கிறது, வேறு எங்கும் பிரதி கிடையாது. எதற்கு அதைத் தூக்குகிறீர்கள்? அம்மாவுக்குக் காட்ட இந்தத் தாளே போதும். சரி, எடுத்துக்கொள்ளுங்கள், திரையில் காட்டினால் இன்னும் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் வண்டியில் கவிழ்த்து வைக்கக்கூடாது.

ஷட்டரை நான் இறக்குகிறேன். நீங்கள் இறக்குகிறீர்களா? நல்லது, எனக்குத் தோள் வலி.

நான் நடுவில் உட்கார வேண்டுமா? ஜன்னல் ஓரம் என்றால் வசதி. சரி, நடுவிலேயே உட்காருகிறேன்.

ஒரு நிமிடம். சாயங்காலம் ஒரு சாவு வீட்டுக்காரர் படம் கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்து மணிக்கு வந்துவிடுவேன் என்று ஷட்டரில் எழுதி ஒட்டிவிட்டு வருகிறேன்.

ஒட்ட வேண்டாமா?

சரி. அவர் காத்திருப்பார். வண்டியை எடுங்கள்.